இருபத்தாறு நீலச் சேலைகள்

"எங்கம்மாகிட்ட மன்னிப்பு கேளுங்க சார். தனியா கூப்பிட்டு இல்ல. குரூப்ல, எல்லாரும் படிக்கிற மாதிரி."

கஸ்தூரிரங்கன் சார் தண்ணீர் லாரி ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பேனாவை மூடாமலே நிமிர்ந்தார்.

"உங்கம்மாவா? யாரும்மா உங்கம்மா?"

"சுந்தரவல்லி. பி பிளாக்ல மூணு வீட்ல வேலை பாக்குறவங்க. புதன்கிழமைலேர்ந்து கேட்டுக்குள்ள விடாதன்னு லாரன்ஸ்கிட்ட சொல்லி வெச்சிருக்கீங்கள்ல, அவங்கதான்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே கேட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேர் மூக்கையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்.

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நேற்று சாயங்காலம்கூடச் சொன்னாள். "வேலைய திருப்பிக் குடுங்கன்னு கேளு. அழுவுறதுன்னா அழுவு. மன்னிப்பு கேளுன்னு மட்டும் அவங்களாண்ட கேட்றாதடி. அப்பால அந்த ஏரியாவுல ஒர்த்தரும் நம்மள வாசல்ல நிக்க உட மாட்டாங்கோ."

கேட்டுவிட்டேன்.

நான் சந்திரிகா. பி.காம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மந்தைவெளியில் மூன்று பிளாக், எண்பத்து நாலு வீடு கொண்ட 'ஸ்ரீநிகேதன்' குடியிருப்பில் சங்கத்து ஆபீஸ் அசிஸ்டன்ட். ஆபீஸ் என்றால் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. கஸ்தூரிரங்கன் சார் சங்கச் செயலாளர், பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வேலை இருப்பதை அம்மாவுக்குச் சொன்னது கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி லாரன்ஸ். தமிழும் இங்கிலீஷும் டைப் அடிக்கத் தெரிந்த பெண் வேண்டும் என்றார்களாம்.

அம்மா பதினொரு வருடமாக அங்கே வேலை செய்கிறாள். நாங்கள் அப்போது மயிலாப்பூரிலேயே கால்வாய்க் கரையில் இருந்தோம். பிறகு வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். நடந்து போன வேலைக்கு அம்மா இரண்டு பஸ் மாற ஆரம்பித்தாள். நான் சேர்ந்த அன்று அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "அங்க நான் உனக்கு யாரோ. வேலைக்காரி பொண்ணுன்னு தெரிஞ்சா உனக்கு சேர் குடுக்க மாட்டாங்கோ."

நான் மறுப்பு சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அவளே சொல்லிவிட்டாளே என்று நிம்மதியாக இருந்தது. அதன் பிறகு பதினாலு மாதம், அந்தக் காம்பவுண்டுக்குள் அம்மா எதிரே வந்தால் நான் போனைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். அவள் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பாள். நல்ல பழக்கமாகிவிட்டது.

என் வேலையில் பெரிய பாதி, குரூப். 'நிகேதன் குடும்பம்' என்று பெயர். இருநூற்றுப் பதினோரு பேர். ஆபீஸ் போன் என்னிடம் இருக்கும். சார் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். அதில் இருமல், காபி உறிஞ்சுதல், "அதாவது என்னன்னா" எல்லாவற்றையும் கழித்துவிட்டு நான் இரண்டு மொழியிலும் அடித்துப் போடுவேன். லிப்ட் ரிப்பேர். லாரி தாமதம். பூச்சி மருந்து. இவற்றுக்கு இரண்டு கட்டைவிரல் விழும், மூன்று விழுந்தால் அதிசயம்.

போன வருடம் ஒரு நாள், யாரோ ஒருவன் ஏ பிளாக்கில் காலிங்பெல் அடித்துவிட்டுப் போய்விட்டான். கேமராவில் எடுத்த அவன் படத்தைச் சிவப்பு அடையாளத்தோடு, 'கவனம்' என்று தலைப்பு வைத்துப் போட்டேன். பத்து நிமிடத்தில் அறுபது பேர். நானும் இவனைப் பார்த்தேன், பார்க் பக்கம் பார்த்தேன், முழியே சரியில்லை, என் மச்சினர் பிளாட்டிலும் இப்படித்தான் நடந்தது. கடைசியில் அவன் தண்ணீர் கேன் போட வந்து வீட்டு நம்பர் மாற்றி அடித்தவன். அதை யாரும் குரூப்பில் எழுதவில்லை. எழுதச் சொல்லி எனக்கும் வாய்ஸ் வரவில்லை.

"இதுக்குத்தாம்மா ரெஸ்பான்ஸ் இருக்கு," என்றார் சார், சந்தோஷமாக. "மத்ததை ஒருத்தரும் படிக்கறதில்லே."

அதிலிருந்து வாரம் இரண்டு 'கவனம்'. கொரியர் பையன், பழைய பேப்பர்காரர், கோலமாவு விற்கிறவள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'நானும் பார்த்தேன்' என்று எட்டுப் பேர். நான் பார்க்கவில்லை என்று எழுத யாருக்கும் தோன்றாது. அதற்கு எதற்கு ஒரு மெசேஜ்? ஆகவே குரூப்பைப் படித்தால் மந்தைவெளி முழுக்கத் திருடர்கள். படித்துவிட்டுக் கீழே இறங்கினால் கண்ணில் படுகிறவனெல்லாம் அந்தப் படத்தில் இருந்தவன். அவனைப் பற்றி மேலே போய் எழுதுவார்கள்.

செவ்வாய்க்கிழமை பி பிளாக் ரத்னா மேடத்தின் பார்சலைக் காணவில்லை. லிப்ட் பக்கத்துப் பலகையில் டெலிவரி ஆட்கள் வைத்துவிட்டுப் போவார்கள். வைத்ததாகப் போனில் காட்டுகிறது, பலகையில் இல்லை. கேமராவில் அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் போனது ஒரே ஒரு ஆள். பின்பக்கம் மட்டும் தெரிகிறது. நீலச் சேலை, கையில் மஞ்சள் பை. சார் படத்தை அனுப்பினார். "இதைப் போட்டுடும்மா, நீலப் புடவை, மஞ்சப் பைன்னு எழுது."

போட்டேன். லாரிக்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே போட்டேன்.

மத்தியானத்துக்குள் அந்த நீலச் சேலையை சி பிளாக் மொட்டை மாடியில் பார்த்துவிட்டார்கள். காய்கறி வண்டி பக்கத்தில், பள்ளிக்கூட வாசலில், பின்பக்க கேட்டில், லஸ்ஸில் பஸ் ஏறும்போது. சி பிளாக் அஸ்வத் எழுதினார்: 'இவள் ஒரே நேரத்தில் பல இடங்களில் நோட்டம் விடுகிறாள். தொழில்முறை.' நாற்பது கட்டைவிரல். அவரே படத்தை ஆழ்வார்பேட்டையில் தன் அக்கா இருக்கும் குடியிருப்பின் குரூப்புக்கும் அனுப்பினார். ஏ பிளாக்கில் லாவண்யா என்று ஒருவர் மட்டும், 'முகமே தெரியவில்லையே, எப்படிச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டிருந்தார். அதற்கு யாரும் பதில் போடவில்லை. அடுத்த மெசேஜ், 'திருடன் முகத்தைக் காட்டுவானா?'

புதன்கிழமை காலை சார் கேட்டில் ரெஜிஸ்டரைப் பார்த்தார். செவ்வாய் அந்த நேரத்தில் வெளியே போனதாக ஒரே பெயர். சுந்தரவல்லி.

வீட்டுக்கு வந்தும் அம்மா எனக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஆழ்வார்பேட்டையில் வேலை செய்த இரண்டு வீட்டிலும் நின்றுவிடச் சொன்னார்கள். அன்று சாயங்காலம்தான் அவள் போனை என் முன்னால் நீட்டினாள். யாரோ அவளுக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

"பாரு. நான் தான்."

பார்த்தேன். பின்கழுத்துக்குக் கீழே ஜாக்கெட்டில் நான் போட்ட தையல்கூடத் தெரிகிறது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் அந்த நடை. பை, நான் கல்லூரிக்குச் சாப்பாடு எடுத்துப்போன பை. இதை ஆறு அங்குலத் திரையில் வைத்து, வெட்டி, சிவப்பு அடையாளம் ஒட்டி, இரண்டு மொழியில் தலைப்புக் கொடுத்து இருநூற்றுப் பதினோரு பேருக்கு அனுப்பியவள் நான். பெற்ற தாயின் முதுகு என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தது நீலச் சேலை, மஞ்சள் பை.

"எவளோ ஒர்த்தி போட்டுக்கீறா," என்றாள் அம்மா. "நல்லா இருக்கட்டும்."

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று இரவு என் குரூப்பில் கொட்டினேன். கல்லூரி நண்பர்கள் எட்டுப் பேர். எல்லாரும் என்னை மாதிரி வீட்டில் முதல் பட்டதாரிகள். நடந்ததை எழுதினேன், ஸ்கிரீன்ஷாட் போட்டேன். இரண்டு விஷயத்தைப் போடவில்லை. படத்தைப் போட்டது நான் என்பது ஒன்று. இன்னொன்று லாவண்யாவின் கேள்வி. அதை வெட்டிவிட்டுப் போட்டேன். அது இருந்தால் கதை கொஞ்சம் தளர்ந்துபோகும். இல்லாததால் நன்றாக எரிந்தது. மயிலாப்பூர்க்காரனுங்களே இப்படித்தான் என்றான் சக்திவேல். எண்பத்து நாலு வீட்லயும் ஒரு மனுஷன் இல்லையா என்றாள் நிலா. பார்த்தியா, ஒருத்தர்கூட இல்லை என்று நானே பதில் எழுதினேன். எழுதும்போது இதமாக இருந்தது. சொரிந்தால் இதமாக இருக்குமே, அப்படி. படுத்த பிறகு, கஸ்தூரிரங்கன் சார் வேலை செய்யும் விதத்துக்கும் என் விதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை. தூங்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் விடியும்போது தெளிவாக இருந்தது. இந்த வேலை எனக்கு இனி வேண்டாம். ஆனால் போவதற்கு முன் அந்தக் குரூப்பில் அம்மா பெயர் சுத்தமாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு ஐந்து வீடும் போனது போனதுதான், புதிதாக ஒரு வீடும் கிடைக்காது. படம் அவளுக்கு முன்னால் போய் நின்றுவிடும்.

அதற்காகத்தான் இந்தச் சனிக்கிழமைக் காலை அவர் எதிரில் நின்றேன்.

"உக்காரு," என்றார் சார்.

"பரவால்ல."

"உக்காருன்னா உக்காரும்மா, கழுத்து வலிக்கறது. இத்தனை நாள் சொல்லலியே நீ?"

"சொன்னா வேலை குடுத்திருப்பீங்களா?"

அவர் ரத்னா மேடத்துக்குப் போன் போட்டார். "சித்தே கீழ வரேளா? அந்தப் பார்சல் விஷயம்."

ரத்னா மேடம் வந்தார். தூத்துக்குடிப் பக்கம், தி. நகரில் அவர்கள் குடும்பத்துக்கு மொத்த ஜவுளிக் கடை. கையில் போன், அதில் குரூப் திறந்திருந்தது.

"மேடம், உங்க பார்சல் கெடச்சுதா?" என்றேன்.

"அதுவா? டெலிவரிக்காரப் பய கொண்டாராமலே கொடுத்தேன்னு போட்டுட்டாம் போல. அன்னைக்கு ராத்திரியே கம்பெனியிலேர்ந்து மெசேஜ் வந்துட்டு. ஏன்?"

"அத குரூப்ல போட்டீங்களா?"

"அது ஒண்ணுதான களவு போவல? மத்தது?"

"மத்ததுன்னா எது மேடம்?"

"என்னம்மா ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்க? நீதான தெனம் போடுத. எவ்வளவு களவு போவுது இங்க."

"எந்த வீட்ல, என்ன களவு போச்சு? ஒண்ணு சொல்லுங்க."

அவர் சாரைப் பார்த்தார். சார் ரசீதைப் பார்த்தார்.

"எத்தன பேரு எழுதுதாங்க குரூப்புல," என்றார் ரத்னா மேடம். "அத்தன பேருமா பொய் சொல்லுவாங்க? அந்த நீலச் சேலைய நானே மூணு எடத்துல பாத்தேன். காலையில இங்க, மத்தியானம் மாடியில, சாயந்தரம் பூக்கடைகிட்ட."

"மூணும் ஒரே ஆளா?"

"ஒரே சேலைல்லா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்கு வைத்திருந்த மூச்சு சிரிப்பாக வெளியே வந்தது.

"மேடம், அந்தச் சேலை உங்க கடைது."

"எது?"

"போன தீபாவளிக்கு சங்கத்துலேர்ந்து வீட்டு வேலைக்காரங்களுக்கு எடுத்தது. நானும் நீங்களும்தான் உங்க கடைக்குப் போனோம். நான் நாலு கலர் எடுக்கலாம்னேன். நீங்கதான், ஒரே கலரா எடும்மா, அப்பத்தான் அவளுகளுக்குள்ள சண்ட வராதுன்னீங்க. நீலம். இருபத்தாறு."

சார் மெதுவாகப் பேனாவை மூடினார்.

"மாடில துணி காயப் போட்டது சி பிளாக் சகினாக்கா. ஸ்கூல் வாசல்ல நின்னது சகினாக்கா தங்கச்சி, உங்க வீட்டுப் பக்கத்து வீட்டுப் புள்ளையைக் கூப்பிட வந்தவங்க. பூக்கடைல யாருன்னு எனக்குத் தெரியாது. இருபத்தாறு பேர்ல யாராவது. வெளுக்காத துணி மேடம், உங்க கடைத் துணி நல்ல துணி. அதான் எல்லாரும் கட்டுறாங்க."

ரத்னா மேடம் முகத்தில் ஒரு நொடி ஏதோ அசைந்தது. அது வெட்கம் என்றுதான் நினைத்தேன். பிறகு, "ஒரே மாதிரி கட்டிட்டு வந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"மூஞ்சியப் பாத்தா தெரியும்."

"சந்திரிகா," என்றார் சார்.

"பதினோரு வருஷமா வராங்க சார் எங்கம்மா. ஒரு ஆளுக்குக்கூடவா மூஞ்சி தெரியல?"

அவர் அப்போது ரொம்ப நிதானமாக, திட்டும் எண்ணமே இல்லாமல் கேட்டார்: "நீதானேம்மா அந்தப் போட்டோவைப் போட்டே? உனக்குத் தெரியலையா?"

ஜெனரேட்டர் அறையில் யாரோ இரும்புக் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்காரச் சொல்லி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"தெரியல சார்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் எங்கேயோ வழிந்துபோனது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு ஆபீஸ் போனை எடுத்தேன். தீபாவளிக்குச் சேலை கொடுத்த அன்று புல்தரையில் எல்லாப் பெண்களையும் நிற்க வைத்து எடுத்த படம் அதில் இருந்தது. இருபத்தாறு பேர், இருபத்தாறு நீலச் சேலை, ஓரத்தில் சங்கத் தலைவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

"இத போடுறேன் சார். ரத்னா மேடம் பார்சல் தொலையவே இல்லன்னும் போடுறேன்."

"போடு," என்றார். "பிரயோஜனப்படாது. போடு."

உள்ளதை உள்ளபடி எழுதினேன். பார்சல் திருடு போகவில்லை, டெலிவரியே ஆகவில்லை. நீலச் சேலை சங்கம் கொடுத்தது, இருபத்தாறு பேரிடம் இருக்கிறது. பல இடங்களில் பார்த்தது பல பேரை. படத்தில் இருக்கும் சுந்தரவல்லி எதையும் எடுக்கவில்லை. போட்டுவிட்டு மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் பதில் அஸ்வத்: 'அப்படியானால் இருபத்தாறு பேருமா?'

அடுத்து ஜவஹர், ஏ பிளாக்: 'யூனிபார்ம் மாதிரி ஒரே சேலை. யார் எடுத்தார்கள் என்று கேமராவில் எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல பிளான்.'

'நாமே சேலை எடுத்துக் கொடுத்து நாமே மாட்டிக்கொண்டோம்.'

'இந்த வருடம் ஸ்வீட் மட்டும் போதும்.'

'இருபத்தாறு பேர் பையையும் கேட்டில் செக் செய்ய வேண்டும் என்று நான் மார்ச்சிலேயே சொன்னேன்.'

'சுந்தரவல்லிக்கு மட்டும் ஏன் தனியாக சர்டிபிகேட்? ஆபீஸில் யாருக்கோ வேண்டியவரா?'

அதற்கு ஐம்பத்து மூன்று கட்டைவிரல். புல்தரைப் படத்தில் சகினாக்காவின் முகத்தைச் சுற்றி யாரோ ஒரு சிவப்பு வட்டம் போட்டு, 'இவளைத்தான் நான் மாடியில் பார்த்தேன்' என்று திருப்பிப் போட்டார்கள். முகம் தெரிந்துவிட்டது இப்போது. நான்தான் தெரிய வைத்தேன்.

"நான் சொன்னேனோல்லியோ," என்றார் சார். குரலில் ஜெயித்த தொனி இல்லை. அவருக்கும் களைப்பாகத்தான் இருந்தது. "விளக்கம் சொன்னா இவாளுக்கு ஏறாதும்மா. முப்பத்தஞ்சு வருஷம் கவுண்டர்ல உக்காந்துண்டு கம்ப்ளெயின்ட் கேட்டவன் நான். யாரையாவது கையைக் காட்டினாத்தான் அடங்கும்."

"யாரக் காட்டணும்?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"கோச்சுக்காதே. ஆபீஸ் தப்புன்னு போட்டுடலாம். ஸ்டாஃப் சரியாப் பாக்காம வேற யாரோ போட்டோவைப் போட்டுட்டான்னு. சுந்தரவல்லி மேல தப்பில்லேன்னு தெளிவா எழுதிடலாம். திங்கட்கிழமைலேர்ந்து அவ வரட்டும், நானே கேட்டுல நின்னு சொல்றேன். நீ... உனக்கு வேற இடத்துல நான் ஒரு வார்த்தை சொல்றேன்."

"அனுப்பச் சொன்னது யாருன்னு எழுதுவீங்களா?"

"என் பேரை இழுத்தா சங்கமே ரெண்டாப் போயிடும்மா."

"மன்னிப்பு?"

"சங்கத்து சார்பா போட்டுக்கோ. நீயே அழகா எழுதுவே."

ரத்னா மேடம் போனில் விரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார்.

சத்தம் போடலாம் என்று நினைத்தேன். எனக்குச் சத்தம் நன்றாக வரும். வீடியோ எடுத்துப் போடு, நாறடிச்சிடலாம் என்று சக்திவேல் காலையிலேயே மெசேஜ் அனுப்பியிருந்தான். போட்டால் என் எட்டுப் பேரும் அவர்களுக்குத் தெரிந்த எண்ணூறு பேரும் பார்ப்பார்கள், நெருப்புப் படம் போடுவார்கள். இந்த எண்பத்து நாலு வீட்டில் ஒரு கதவு திறக்காது. எனக்கு வேண்டியது இந்த இருநூற்றுப் பதினோரு பேர், அம்மா திருடவில்லை என்று நம்புவது. உண்மையைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அவர்கள் எதை நம்புவார்கள் என்று இந்தக் கட்டடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. பதினாலு மாதம் அதைத்தானே அடித்துப் போட்டேன்.

சிவப்பு அடையாளம் வைத்தேன். 'கவனம்' என்று தலைப்பு வைத்தேன். கீழே எழுதினேன்:

'செவ்வாய்க்கிழமை வெளியான படம் தவறானது. படத்தில் இருப்பவர் பி பிளாக்கில் பதினொரு வருடங்களாக நேர்மையாக வேலை செய்துவரும் சுந்தரவல்லி. அவர் எதையும் எடுக்கவில்லை. மாடியில் இருந்த சகினாவும் எடுக்கவில்லை. அலுவலக ஊழியர் சந்திரிகா சரிபார்க்காமல் படத்தைப் போட்டு இந்தக் குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறார். பெரும்பாக்கத்திலிருந்து வரும் இவருக்கு இது முதல் வேலை. போதிய பயிற்சி இல்லை. இன்றுடன் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். சுந்தரவல்லியிடமும் சகினாவிடமும் சங்கம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறது. மற்ற குரூப்புகளுக்கு அனுப்பியவர்கள் இதையும் அனுப்பவும்.'

சார் எட்டிப் பார்த்துப் படித்தார்.

"பெரும்பாக்கம்லாம் எதுக்கும்மா? பாவம்."

"அது இருந்தாத்தான் சார் நம்புவாங்க."

அனுப்பினேன்.

நாலு நிமிடத்தில் எழுபத்தொன்று. லிப்ட் ரிப்பேருக்கெல்லாம் வராதவர்கள் வந்தார்கள்.

'எனக்கு முதலிலிருந்தே சந்தேகம்.'

'அந்தப் பெண் பேசுவதே ஒரு மாதிரி வெடுக்கென்று இருக்கும்.'

'ஆபீஸ் பக்கம் எப்போது போனாலும் போனில்தான் இருப்பாள்.' அது நான் இவர்கள் குரூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

'அந்த ஏரியாவிலிருந்து ஆள் எடுக்கும்போது விசாரிக்க வேண்டாமா?'

'சுந்தரவல்லி தங்கமான மனுஷி. நாங்கள் அப்போதே சொன்னோம்.'

'ஆழ்வார்பேட்டைக்கும் அனுப்பிவிட்டேன். பாவம் அந்த அம்மா,' என்றார் அஸ்வத், கைகூப்பும் படத்தோடு.

என் எதிரிலேயே நின்றுகொண்டு ரத்னா மேடம் இரண்டு கட்டைவிரலாலும் வேகமாக அடித்தார். என் கையிலிருந்த போனில் அது வந்து விழுந்தது: 'சுந்தரவல்லி அப்படிப்பட்டவங்க இல்லைன்னு எனக்குத் தெரியும். இந்த மாதிரி பொண்ணுங்களால நல்லவங்களுக்கு எவ்வளவு கஷ்டம்.'

அனுப்பிவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காத, என்ன?" என்றார்.

"இல்ல மேடம். அதுதான் எனக்கும் வேணும்."

லாவண்யா எழுதிய ஒரு வரி நடுவில் வந்து மேலே போய்விட்டது: 'அனுப்பச் சொன்னது யார்?' அதைப் படித்தவர்கள் இருந்தார்களா என்று தெரியாது. நான் படித்தேன். இந்த முறை வெட்டவில்லை. அதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் எட்டுப் பேர் குரூப்புக்கு என் போனிலிருந்து அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'ஒருத்தர் இருந்தார். முதல் நாளே கேட்டார். நான் வெட்டிவிட்டேன். படத்தைப் போட்டதும் நான்தான்.' நிலா 'என்னடி சொல்ற' என்று கேட்டாள். சக்திவேல் உட்பட எல்லாரும் படித்துவிட்டார்கள், நீல நிறத்தில் இரண்டு டிக் விழுந்தது.

ஆபீஸ் போனையும் அலமாரிச் சாவியையும் மேஜையில் வைத்தேன். லாரி திங்கட்கிழமை ஏழு மணிக்கு வரும், பாஸ்வேர்ட் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னேன். சார் எழுந்து நின்றார். எனக்காக அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"உங்கம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"நீங்களே சொல்லுங்க சார். திங்கக்கிழமை அவங்க வந்தா. வரணுமா வேணாமான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க."

வெளியே வெயில் சிமெண்டில் பட்டுக் கண்ணில் குத்தியது. கேட்டில் லாரன்ஸ் ஸ்டூலிலிருந்து எழுந்தார். அவர் போனிலும் அந்த மெசேஜ் வந்திருந்தது; பார்த்த முகம்.

"இன்னாமா இது? உன் பேர நீயே போட்டு..."

"அம்மாவ இனிமே நிறுத்தாதண்ணா."

"அத்த உடு. நீ இன்னா பண்ணப் போற? அவசரப்படாத, சாராண்ட நான் பேசுறேன்."

"வேணாம்ணா. காலையிலயே முடிவு பண்ணிட்டேன்."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது. அவள் அந்நேரம் ஆழ்வார்பேட்டையில், வேலையிலிருந்து நிறுத்திய வீட்டின் கீழே, வரச் சொல்லமாட்டார்களா என்று நின்றுகொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து கூப்பிடுவார்கள். தப்பு உன்மேல இல்லையாம், அங்கே ஆபீஸில் சந்திரிகா என்று ஒருத்தியாம் என்பார்கள். அவள் வேறு யார் வாயிலிருந்தும் அதைக் கேட்கக் கூடாது. பஸ்ஸுக்கு நின்றால் நேரமாகும்.

"நான் போய் சொல்லிக்கிறேன்," என்று லாரன்ஸிடம் சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டி, லஸ் பக்கமாக நடக்க ஆரம்பித்தேன்.